பருப்பு அவிவதற்கு ஒரு பொதுக்கூட்டம்

கமலாதேவியின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு அவியாது. விறகை எவ்வளவு தள்ளினாலும், இரண்டு மணித்தியாலம் கொதித்தாலும், பருப்பு பானைக்குள் போட்டபடியே கிடக்கும். தீவில் அந்தப் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். வேறு ஆட்களுக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கமலாதேவிக்கோ இது பிழைப்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறுபத்துநான்கு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவள் அவள்தான்.

நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பவுசர், அதாவது தண்ணீர் வண்டி, வர வேண்டும். கரம்பொன் தாண்டிப் போகும் பஸ்ஸில் கடைசி வரைக்கும் இருந்தால் கமலாதேவி இருக்கும் சிறு தெரு, நாவலடி ஒழுங்கை, வரும். அதன் முகப்பில், நாவல் மரத்தின் கீழ், ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் அதை வைத்து, அதற்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டு போனது. அந்த மரத்தடியால் இரண்டு பிரதேச சபைகளின் எல்லை போகிறது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. தாங்கி நிற்பது கீழ்கரைப் பிரதேச சபைக்குள். தாங்கியின் குழாயும், அதில் குடம் வைக்கிற பதினெட்டு வீடுகளும் மேல்கரைப் பிரதேச சபைக்குள். "தாங்கி எமதல்ல" என்று மேல்கரை எழுதும். "குடிப்பவர்கள் எம்மவர் அல்லர்" என்று கீழ்கரை எழுதும். இரண்டு கடிதமும் நல்ல தமிழில் இருக்கும்.

இவ்வளவு காலமும் ஒழுங்கை நாவறண்டு சாகாமல் இருந்ததற்குக் காரணம் நிசாந்தன். கீழ்கரைச் சபையின் பவுசர் சாரதி. செவ்வாய்க்கிழமைகளில் தன் வேலை முடிந்து திரும்பும்போது, யாருக்கும் சொல்லாமல், தாங்கியை நிரப்பிவிட்டுப் போவான். ஆறு வருடமாக இப்படி நடந்தது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாதபடியால் ஒரு கிழமைகூடத் தவறாமல் நடந்தது.

பிறகுதான் இரண்டு சபைகளையும் இணைப்பது பற்றி மக்களின் கருத்தை அறிய வேண்டும் என்று மேலிடத்துக்குத் தோன்றியது.

"இனி வர ஏலாது அக்கா," என்றான் நிசாந்தன், உழவியந்திரத்தை விட்டு இறங்காமலே. பின்னால் பவுசர் நிறையத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் தம்பி? நான் ஏதும் பிழையாக் கதைச்சனானோ?"

"சீச்சீ. ஆலோசனை முடியும் வரைக்கும் எல்லை தாண்டி ஒரு சேவையும் செய்யக் கூடாதாம். அப்பிடிச் செய்தால் சபைகளை இணைச்சமாதிரி ஆகிடுமாம். மக்களிட்டக் கேக்காமல் இணைக்கக் கூடாதெல்லோ?"

"அப்ப என்னட்டக் கேளுமன். நான் ஓம் எண்டுறன்."

"அதுக்குத்தான் அக்கா கூட்டம் வைக்கினம். அங்க வந்து சொல்லுங்கோ."

இரண்டு கிழமை போனது. பள்ளிக்கூட அதிபர் கமலாதேவியைக் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினார். அவர் கதிரை போட்டால் விடயம் கெட்டது என்று அர்த்தம். "பிள்ளையள் பருப்பைக் கோலி மாதிரி சுண்டி விளையாடுதுகள். இன்னும் ஒரு மாதம் பாப்பன். பிறகு வேற ஆளுக்குத்தான் குடுக்க வேண்டி வரும். குறை நினைக்காதேங்கோ," என்றார். கமலாதேவி குறை நினைத்தாள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நினைத்தாள்.

ஆலோசனைக் கூட்டம் ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தார்கள். அதனால் பத்தே முக்காலுக்குத் தொடங்கியது. மண்டப வாசலில் கமலாதேவி கண்டது நிசாந்தனின் பவுசரை.

"இதென்ன, இஞ்ச நிக்கிறாய்?"

"ஆலோசனைக் கூட்டம் எண்டால் குடிதண்ணி ஒரு பவுசர் நிக்க வேணும் அக்கா. சுற்றறிக்கை. பங்குபற்றுநர் நலன்."

"இவ்வளவும் குடிக்கவோ? நாப்பது பேர்கூட இல்லை."

"மிச்சத்தைக் கொண்டுபோக ஏலாது. கூட்டம் நிறைவு எண்டு அறிவிச்ச உடன நடந்த இடத்திலேயே இறக்கிப்போட வேணும். அதுவும் சுற்றறிக்கைதான்." நிசாந்தன் குரோட்டன் செடிகளைக் காட்டினான். தீவு முழுக்க வெயிலில் வறண்டு கிடக்க, மண்டப முற்றம் மட்டும் பச்சையாக இருந்தது. கமலாதேவிக்கு அந்தச் செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டும்போல வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே இரண்டு குத்துவிளக்கு. சபைகள் இன்னும் இணையவில்லையாதலால் ஆளுக்கொன்று. இரண்டு தவிசாளர்களும் சரியாக ஒரே நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று ஏற்பாடு. கடற்காற்று ஒரு விளக்கை அணைத்தால் மற்றதையும் அணைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். மௌனப் பிரார்த்தனை இரண்டு நிமிடம், சபைக்கு ஒரு நிமிடம். மேல்கரையின் நிமிடத்தில் கீழ்கரைக்காரர் இருமினார் என்று ஒரு சிறு மனத்தாங்கல் வந்து, அது பேசித் தீர்க்கப்பட்டது. பிறகு இரண்டு வரவேற்புரை. இரண்டிலும் ஒரே ஆட்கள் வரவேற்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு இணைப்பு ஆலோசனைக் குழுத் தலைவர் சோமாஸ்கந்தன் எழுந்தார். கொழும்பில் முப்பத்துநான்கு வருடம் திணைக்களங்களில் இருந்து ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் குழுக்களில் இருப்பவர். பொன்னாடையின் மேல் இன்னொரு பொன்னாடை போட்டிருந்தது.

"அன்பார்ந்த மக்களே! முடிவை எடுத்துவிட்டு மக்களிடம் வருகின்றவர்கள் அல்ல நாங்கள். மக்களிடம் வந்த பின்னர்தான், எடுத்த முடிவை அறிவிப்போம்." கைதட்டல். "இணைப்பினால் சேவைகள் குறையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். இல்லாத சேவையை எவராலும் குறைக்க முடியாது என்று நான் உறுதி கூறுகிறேன். இன்று இரண்டு சபைகளும் ஒரே வேலையைத் தனித்தனியாகச் செய்யாமல் இருக்கின்றன. எவ்வளவு வீண்விரயம்! இனிமேல் அதை ஒரே சபை செய்யாமல் இருக்கும். இதற்குத்தான் சேவைப் பகிர்வு என்று பெயர்."

முன்வரிசை தலையாட்டியது. கமலாதேவியும் ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது.

கருத்துப் படிவம் வந்தது. 'இணைப்புப் பற்றிய தங்கள் உணர்வு: (அ) மகிழ்ச்சி (ஆ) பெருமகிழ்ச்சி (இ) வேறு.' கமலாதேவி (இ)க்குப் பக்கத்தில் 'தண்ணி எப்ப வரும்?' என்று எழுதினாள். படிவங்களைச் சேர்க்க வந்த லக்சிகா, சபையின் அபிவிருத்தி உத்தியோகத்தர், இருபத்தைந்து வயதுப் பிள்ளை, அதை வாசித்துவிட்டுத் தயங்கினாள். "அன்ரி, இது உணர்வில்லையே."

"பின்ன என்ன பிள்ளை? ரெண்டு கிழமையா எனக்கு இதுதான் உணர்வு."

கேள்வி நேரத்தில் கமலாதேவி எழுந்தாள். "ஐயா, எனக்குப் பருப்பு அவியேல்லை."

சோமாஸ்கந்தன் பெரிய மனதோடு சிரித்தார். "அம்மா, பருப்பு இரண்டாம் கட்டத்தில வரும். நீர் இப்ப இணைப்பைப் பற்றிச் சொல்லும்."

"அதைத்தான் ஐயா சொல்லுறன். எங்கட ஒழுங்கைக்கு ஒருக்கா வந்து பாருங்கோ, விளங்கும்."

இந்த இடத்தில் குருசுமுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கமலாதேவியின் பக்கத்து வீட்டுக்காரர், கடற்றொழிலாளர் சங்கத்தில் முப்பது வருட அங்கத்தவர். சங்கக் கூட்டமோ, கோயில் கூட்டமோ, கூட்டுறவுக் கடைக் கூட்டமோ, குருசுமுத்து வழிமொழியாத தீர்மானம் அந்தக் கரையில் கிடையாது. முன்மொழிந்தது மட்டும் ஒருநாளும் இல்லை. "முன்மொழியிறவன்தான் பிறகு ஓடித் திரிய வேணும். வழிமொழியிறவன் வீட்ட போகலாம்," என்பார். இப்போதும் பின்வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்தவர், யாரோ பேசி முடித்தது காதில் விழுந்ததும், பழக்க தோஷத்தில் கை தூக்கினார்.

"வழிமொழிகிறேன்!"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. லக்சிகாவின் பேனை தன்பாட்டில் ஓடியது. முன்மொழிந்தவர் கமலாதேவி, வழிமொழிந்தவர் குருசுமுத்து. கள ஆலோசனைக் கூட்டம், நாவலடி ஒழுங்கை, வரும் செவ்வாய். எழுதியாகிவிட்டது. எழுதியதை மாற்றுவதென்றால் அதற்கு இன்னொரு கூட்டம் வைக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை குழு வந்தது. இரண்டு குத்துவிளக்கும் வந்தன. பின்னால் பவுசர் வந்தது. சோமாஸ்கந்தன் நாவல் மரத்தடியில் நின்று அதே உரையை ஆற்றினார். பழம் ஒன்று அவருடைய பொன்னாடையில் விழுந்து ஊதாப் பொட்டு வைத்தது. கூட்டம் இனிதே நிறைவுபெற்றது என்று அறிவித்ததும் எல்லோரும் வாகனங்களில் ஏறிப் போனார்கள். நிசாந்தன் மட்டும் குழாயைப் பிடித்தபடி நின்றான்.

"நடந்த இடத்திலேயே இறக்கிப்போடச் சொல்லியிருக்கு," என்றான். தாங்கியைப் பார்த்தான். "தாங்கியும் நடந்த இடத்திலதானே அக்கா நிக்குது?"

"வேற எங்க நிக்குது?" என்றாள் கமலாதேவி.

அடுத்த நாள் பருப்பு அவிந்தது. சும்மா அவியவில்லை, மசிந்து, கரைந்து, மஞ்சளாகச் சோற்றில் வழிந்தது. ஒரு பிள்ளை மூன்றாம் தரம் கோப்பையோடு வந்தது. கமலாதேவிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஆனால் தாங்கித் தண்ணீர் ஒரு கிழமைக்குத்தான் காணும்.

அவள் யோசித்தாள். அதிகம் யோசிக்கவில்லை. லக்சிகாவின் கந்தோருக்குப் போய், "பிள்ளை, ஐயா சொன்னது எங்களுக்கு வடிவா விளங்கேல்லை. வாற செவ்வாயும் வந்து சொல்லச் சொல்லும்," என்றாள். கூட வந்த குருசுமுத்து வழிமொழிந்தார்.

செய்தி போனபோது சோமாஸ்கந்தன் கதிரையை விட்டு எழுந்தே விட்டாராம். முப்பத்துநான்கு வருடத்தில் அவரைத் திரும்பப் பேசச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டில் உள்ளவர்கள்கூடக் கேட்டதில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் நாவலடியில் ஆலோசனை. ஒரு கிழமை ஒழுங்கை முழுவதும் இணைப்பை ஆதரித்தது. அப்படியே விட்டால் முடித்துவிடுவார்களே என்று அடுத்த கிழமை முழுவதும் எதிர்த்தது. மூன்றாம் கிழமை ஒன்பது வீடு ஆதரவு, ஒன்பது வீடு எதிர்ப்பு. நாலாம் கிழமை அந்த வீடுகள் இடம் மாறின. குருசுமுத்து இரண்டு பக்கத்தையும் வழிமொழிந்தார். "எப்பேர்ப்பட்ட சனநாயக உணர்வு!" என்று சோமாஸ்கந்தன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பள்ளிக்கூட அதிபர் கமலாதேவிக்குக் கதிரை போடுவதை விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே நலம் விசாரித்தார்.

ஐந்தாம் செவ்வாயில்தான் வினை வந்தது. மறுநாள் புதன்கிழமை, கல்விக் கந்தோரில் இருந்து சாப்பாட்டை ருசி பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால் அடுத்த வருடமும் கமலாதேவிக்குத்தான். இல்லையென்றால் இல்லை. தாங்கியில் அடிமண்டிதான் மிச்சம். நிசாந்தன் நிறைந்த பவுசரோடு வந்துவிட்டான், லக்சிகா விளக்குகளோடு வந்துவிட்டாள், சோமாஸ்கந்தனைக் காணவில்லை.

"ஐயாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு," என்றாள் லக்சிகா. "கூட்டம் இல்லை அன்ரி."

"அப்ப தண்ணி?"

"கூட்டம் நிறைவு எண்டு அறிவிக்காமல் திறக்க ஏலாது அக்கா," என்றான் நிசாந்தன். "திருப்பிக் கொண்டுபோக வேணும்." அவனுக்கே அழுகை வரும்போல இருந்தது.

கமலாதேவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "தலைவர் வராட்டி வந்த ஆக்களுக்க ஒராளைத் தெரிஞ்சு நடத்தலாம். எங்கட மாதர் சங்கத்தில அப்பிடித்தான். இதில எப்பிடிப் பிள்ளை?"

லக்சிகா சுற்றறிக்கையைப் புரட்டினாள். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினாள். "வேண்டாம் எண்டு எழுதேல்லை," என்றாள்.

"வழிமொழிகிறேன்," என்றார் குருசுமுத்து.

கமலாதேவி இரண்டு விளக்கையும் தானே ஏற்றினாள். இரண்டு நிமிடம் மௌனம் காத்தாள், அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்கூட ஒரு வினாடி குறைக்கவில்லை. பிறகு தொண்டையைச் செருமினாள்.

"அன்பார்ந்த மக்களே! முடிவை எடுத்துவிட்டு மக்களிடம் வருகின்றவர்கள் அல்ல நாங்கள்..."

இத்தனை கிழமை கேட்டதில் ஒரு சொல் பிசகவில்லை. 'எவ்வளவு வீண்விரயம்' என்ற இடத்தில் சோமாஸ்கந்தன் விரலை உயர்த்துவதுபோல் உயர்த்தினாள், சனம் கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டியது. உண்மையைச் சொன்னால் அவருடைய குரலைவிட அவளுடைய குரலுக்கு அந்த உரை பொருந்தியது. "கூட்டம் இனிதே நிறைவுபெற்றது," என்று அவள் முடிக்கவும் நிசாந்தன் குழாயைத் திறந்தான். புதன்கிழமை வந்த உத்தியோகத்தர்கள் ருசி பார்ப்பதற்கென்று இரண்டு கரண்டி எடுத்து, அப்படியே ஒரு கோப்பை சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வருடமும் கமலாதேவிக்கே என்று ஆனது. அடுத்த வருடமும் தண்ணீர் வந்தால்.

அன்று பின்னேரம் லக்சிகா கூட்ட அறிக்கையில் கையெழுத்து வாங்க வந்தாள். 'தலைமை: திருமதி கமலாதேவி' என்று இருந்தது. கமலாதேவி அவளுக்குக் கோப்பையில் பருப்பும் சோறும் கொடுத்தாள். லக்சிகா சாப்பிட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"அன்ரி, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். உங்களுக்கு உண்மையா இணைப்பு வேணுமோ, வேண்டாமோ?"

"பிள்ளை," என்றாள் கமலாதேவி, "எனக்குச் செவ்வாய்க்கிழமை வேணும்."

லக்சிகா சிரித்ததில் சோறு புரைக்கேறிவிட்டது. குடிக்கக் கொடுத்த தண்ணீர் நல்ல தண்ணீர்.

ஆனால் எந்த ஆலோசனையும் ஒருநாள் முடிந்துதானே ஆக வேண்டும். மாகாணத்தில் இருந்து பர்வதவர்த்தினி என்ற மேலதிகாரி வந்தார். சோமாஸ்கந்தனின் உரையை இரண்டாம் வசனத்தில் நிறுத்திய முதல் ஆள் அவர்தான். "இண்டைக்கு இதை மூடுறம். இணைச்சால் தண்ணிக்கெண்டு தனிப் பிரிவு அமைப்பம், அதுக்குப் பதினெட்டு மாதம் எடுக்கும். இணைக்காட்டி எல்லாம் பழைய எல்லைப்படி. வேற ஏதும் இருந்தால் சொல்லுங்கோ."

எப்படிப் பார்த்தாலும் தாங்கி காயப் போகிறது. கமலாதேவி எழுந்தாள். அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"நீங்கள் இருங்கோ," என்றார் பர்வதவர்த்தினி, கூட்ட அறிக்கைகளின் கோப்பைப் புரட்டியபடி. "ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கினவர் பிறகு முன்மொழிய ஏலாது. விதி ஏழு."

கமலாதேவி இருக்கவில்லை. பிறகு மெல்லத் திரும்பிக் குருசுமுத்தைப் பார்த்தாள். ஒழுங்கை முழுக்கக் குருசுமுத்தைப் பார்த்தது. குருசுமுத்து தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று பார்த்தார். நாவல் மரம் மட்டும் நின்றது.

அவர் எழும்பினார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். புயலில் வள்ளம் கவிழ்ந்தபோதுகூட அந்த மனுசன் அவ்வளவு பயந்ததில்லை.

"வழிமொழிகிறேன்," என்றார்.

"எதை?" என்றார் பர்வதவர்த்தினி.

குருசுமுத்துக்கு வேர்த்தது. முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கமலாதேவி நேற்றுப் பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னது அவருக்குத் துண்டு துண்டாக ஞாபகம் வந்தது.

"இந்த ஆலோசனை... இது சரியா நடந்ததோ எண்டு... எங்களிட்ட ஒருத்தரும் ஆலோசனை கேக்கேல்லையே அம்மா? அதைக் கேக்காமல் மூடினால் அது மக்களிட்டக் கேட்டதாகுமோ? நான்... நான் முன்மொழியிறன்!"

சொல்லிவிட்டுப் பொத்தென்று இருந்தார். பதினெட்டு வீட்டுக் குரலும் ஒன்றாக எழும்பியது. "வழிமொழிகிறோம்!"

பர்வதவர்த்தினி சுற்றறிக்கையைப் புரட்டினார். அவருடைய முகம் சுருங்கியது. கடைசிப் பக்கத்தில் அது இருந்தது: 'ஆலோசனை பற்றிய ஆலோசனை, தேவையேற்படின், தேவையான காலம் வரை.' யாரோ ஒரு நல்ல மனிதர், எந்தக் கந்தோரிலோ இருந்து, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னர் பக்கத்தை நிரப்புவதற்காக எழுதியிருக்க வேண்டும். அந்த அம்மா பேனையை மூடினார். சோமாஸ்கந்தன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அவருடைய தொண்டை முழுவதும் குணமாகிவிட்டது.

இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிறது. குத்துவிளக்குகள் இரண்டும் குருசுமுத்து வீட்டிலேயே தங்கிவிட்டன. போன செவ்வாய் லக்சிகா இடைக்கால அறிக்கையின் பிரதியோடு வந்தாள். முகம் வாடியிருந்தது. குசினி வாசலில் நின்று வாசித்தாள்: "நாவலடி ஒழுங்கையில் குடிநீர் பற்றிய முறைப்பாடு எதுவும் தற்போது இல்லை. தாங்கி எந்நேரமும் நிறைந்தே காணப்படுகிறது. ஆகவே இப்பகுதிக்குப் பவுசர் சேவை தேவையில்லை எனக் குழு ஏகமனதாகப் பரிந்துரைக்கிறது."

கமலாதேவி அகப்பையால் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "எப்ப இருந்து நடைமுறைப்படுத்துவினமாம்?"

"ஆலோசனை முடிஞ்ச பிறகுதான் அன்ரி."

"அப்ப சரி." அவள் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டு, வேலிப் பக்கம் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "குருசுமுத்து அண்ணை! பவுசர்ச் சத்தம் கேக்குது. விளக்குகளைக் கொண்டாங்கோ."